பதருடன் பறக்கும் நெல்மணி

பண்ணைத் தாம்போதி வழியே அல்லைப்பிட்டிக்கு வந்துசேரும் கடிதத்தைத் தபாற்காரர் முகவரி நோக்கிக் கொடுப்பாரேயன்றி, உள்ளிருப்பது நன்றோ தீதோ என ஆராய்வதில்லை. மின்னஞ்சலின் நிலை வேறு. அங்கே வடிகட்டியொன்று வாயிலில் நின்று, தனக்கு ஐயந்தரும் கடிதங்களை ‘ஸ்பாம்’ என்னும் குப்பையில் ஒதுக்கிவிடுகின்றது.

அஃது எங்ஙனம் பிரிக்கின்றது? 18 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பாதிரியார் தோமஸ் பேய்ஸ் வகுத்த நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு கடிதங்களைச் சலிக்கும் முறையை, 2002 இல் கணினி அறிஞர் போல் கிரகாம் பரவச் செய்தார். ‘இலவசம்’, ‘பரிசு’ போன்ற சொற்கள் குப்பைக் கடிதங்களில் மலிந்திருத்தலின், அவை செறிந்த கடிதத்தைக் கணினி ஐயுறும். ஆயின், கணிப்பு வேறு, உண்மை வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உதவிப்பணம் தர இசைந்து, ‘உடனே பதில் தருக’ என எழுதிய கடிதமும் அக்குப்பையிற் சேரலாம். மாணவன் அறியுமுன்னே தவணை கடந்துவிடும்!

ஜிமெயிலில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை 30 நாட்களின் பின் தாமாகவே அழிந்துபோகும். ஆதலின், விண்ணப்பம் அனுப்பிய மாணவர்க்கு நாம் கூறுவது இது: வாரம் ஒருமுறையேனும் அப்பகுதியை நோக்குக. நற்கடிதம் காணின், ‘ஸ்பாம் அல்ல’ எனக் குறித்திடுக. வடிகட்டியும் அதனாற் பாடம் கற்கும். அனுப்பியவரின் முகவரியைத் தொடர்புப் பட்டியலிற் சேர்த்திடுக. எனினும், அங்கு கிடப்பவற்றுட் பல வஞ்சகக் கடிதங்களே. அனுப்பியவர் முகவரியைச் சரிபாராது எவ்விணைப்பையும் திறத்தலாகாது.

சுளகிற் புடைக்கையில் பதருடன் நெல்மணியும் பறப்பதுண்டு. அதற்காக நம் தாய்மார் சுளகை எறிந்துவிடுவதில்லை. குனிந்து மணியைப் பொறுக்கிக்கொள்வர்.