ஒரு செம்பை எழுதத் தெரியுமா?

டிசைன் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் குமாரன் சினிமா நட்சத்திரங்களின் முகத்தை அச்சு அசலாக வரைவான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வது சகஜம். ஆனால் புகைப்படத்தின்மீது கட்டம் போட்டு முகம் எழுதுவதில் ஒருவன் எத்தனை சமர்த்தனாயினும், அவன் முன்னமே முடிந்துபோன ஒரு படத்தைப் பிரதி செய்கிறானேயன்றி, ஒரு பொருள் எப்படி நிற்கிறது, எதனால் அந்த உருவம் பெற்றது என்று விசாரிக்கிறானில்லை. வடிவமைப்புக்கு வேண்டிய சித்திரப் பயிற்சியோ அந்த விசாரணையேயாகும்.

இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் வந்து தேசத்தைச் சுற்றிப் பார்த்த சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர், 1958-இல் சமர்ப்பித்த அறிக்கையில், இங்கே தாம் கண்டு வியந்த பொருள்களுக்குள் சாதாரணச் செம்புக்கே முதன்மை தந்து, அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலும் தலையிலும் எப்படிச் சுமக்கப்படும், நிறைந்தபோதும் வெறுமையாயிருக்கும்போதும் அதன் பாரம் எங்கே நிற்கும் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். அதன் பயனாக 1961-இல் அகமதாபாதில் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் தோன்றியது.

அந்தச் செம்பையே மேஜைமேல், கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக வைத்து எழுதச் சொல்லுங்கள். வாய் வட்டமானது என்பதை அறிந்திருக்கிற காரணத்தால் அதை அகலத் திறந்தும், அடிப்பாகம் தட்டையாக அமர்ந்திருப்பதை அறிந்திருக்கிற காரணத்தால் அங்கே நேர்கோடு ஒன்றை இழுத்தும், ஆரம்ப மாணவன் தான் காண்பதை விட்டுத் தான் அறிந்ததையே எழுதிவிடுகிறான். கண்ணுக்குத் தெரிவதோ இரண்டும் நீள்வட்டங்கள். கண்மட்டத்திலிருந்து இறங்க இறங்க நீள்வட்டம் விரிந்துகொண்டே போகுமாதலால், வாயின் வளைவைவிட அடியின் வளைவு அதிகம். அதன் இரு கோடிகளும் கூராக முடியாமல் வளைந்தே திரும்பும். செம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தாலோ, வாய் வெறும் கோடாகிவிடும். நடுவே ஓர் அச்சுக்கோடு இழுத்துக்கொண்டு, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டு அளப்பவனுக்கு இதெல்லாம் சில வாரங்களில் ஸ்வாதீனப்படும். ரப்பரை மட்டும் மேஜையிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும்; தப்புக்கோடு பக்கத்தில் இருந்தால்தான் சரியான கோடு எங்கே என்று தெரியும்.

மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி நேர்கோடுகளும் நீள்வட்டங்களும் தாள் தாளாகப் போடுவது, சங்கீதத்தில் சரளி வரிசை போல, அலுப்பானதுதான், தவிர்க்க வழியில்லை. ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் யோஹானஸ் இட்டன் வகுத்த ஆரம்பப் பாடமும், பொருளின் தன்மையையும் வெளிச்சம் இருளின் பேதத்தையும் கண்ணாலும் கையாலும் உணர்ந்த பிறகே தொழிற்கூடத்துக்குள் அனுமதித்தது.

டிசைன் படிப்பில் சேர்வதற்காகப் பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் என்ற நுழைவுத் தேர்விலும் சித்திரம் எழுதச் சொல்லும் வினா உண்டு. அதற்கென்று சந்தைக் காட்சி, ரயிலடிக் காட்சி என மாதிரிப் படங்களை மனப்பாடம் செய்விக்கும் வகுப்புகள் பெருகியிருப்பதுதான் விசனத்துக்குரியது. கேள்வி, நின்று பார்ப்பவனின் கோணத்தை விட்டுவிட்டு மாடியிலிருந்து பார்ப்பவனின் கோணத்தைக் கேட்டால், மனப்பாடம் செய்தவன் திகைத்துப்போகிறான். ஆகவே பெற்றோர்களே, நாற்காலியை நாலு பக்கத்திலிருந்தும் எழுதவைத்து, பிறகு அதை மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள். மாதிரிப் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள்.