பல ஆண்டு நிலுவைக்கு ஓராண்டு வரி

ஓய்வூதிய நிலுவை புதிதாகச் சம்பாதித்த பணம் அல்ல. ஆண்டுகளுக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டியது. ஊதியக் குழுவின் பரிந்துரை தாமதமாக அமலாகும்போதும், கணக்கீட்டில் நேர்ந்த தவறை நீதிமன்றம் திருத்தும்போதும் அது மொத்தமாக வந்து சேர்கிறது. முன்பு வரி விதிக்கப்படாத நிலுவையை, அது கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதன் பாரம் எவ்வளவு என்பது கணக்குப் போட்டால் தெரியும். 2025-26 நிதியாண்டில், நிலையான கழிவு போக 9 லட்சம் ரூபாய் வருமானம் உள்ள ஓய்வூதியர் புதிய வரி முறையில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்; 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. அவருக்கே 5 லட்சம் நிலுவை வந்தால் வருமானம் 14 லட்சமாகிவிடும். தள்ளுபடி பறிபோய், செஸ் உட்பட 93,600 ரூபாய் வரி நிற்கும். தாமதம் செய்தது அலுவலகம். அதற்கான விலையைக் கொடுப்பவர் முதியவர்.

இதற்குப் பரிகாரமும் சட்டத்திலேயே உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, நிலுவையால் இந்த ஆண்டு எவ்வளவு வரி கூடுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. பிறகு அதே தொகையை உரிய ஆண்டுகளுக்குப் பிரித்து, அந்தந்த ஆண்டின் விகிதப்படி எவ்வளவு கூடியிருக்கும் என்று பார்க்கிறது. முதல் தொகை பெரிதாக இருந்தால் வித்தியாசம் முழுவதும் நிவாரணம். நிலுவையைச் சேர்த்த பிறகும் பழைய ஆண்டுகளின் வருமானம் வரி கட்டும் அளவை எட்டியிராவிட்டால், மேலே சொன்ன 93,600 ரூபாயும் மிச்சமாகும். அப்போதே 20 சதவீத வரம்பில் இருந்தவருக்கு நிவாரணம் குறையலாம், இல்லாமலும் போகலாம். கணவரை இழந்த பெண்ணுக்கு வரும் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய ஆண்டுகளின் கணக்குகளைத் திருத்தித் தாக்கல் செய்யவும் தேவையில்லை. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன் 10-இ படிவத்தை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கணக்கில் மட்டும் நிவாரணம் கேட்டால், துறை அதை மறுத்து வரி கேட்டு அறிவிப்பு அனுப்புகிறது.

இந்தச் சுமையை ஓய்வூதியர் தலையில் வைப்பது தவறு என்பதே என் வாதம். படிவத்துக்குக் கட்டணம் இல்லையே, நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். நிரப்ப வேண்டியது ஒவ்வொரு பழைய ஆண்டின் மொத்த வருமானத்தையும், அந்த ஆண்டு விகிதப்படியான வரியையும். வருமானம் குறைவென்று அன்று கணக்கே தாக்கல் செய்யாத எண்பது வயதுக்காரர், அந்த எண்களை எங்கே போய்த் தேடுவார்? எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பது வரித்துறைக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி, இது நியாயமானதுதான். ஆனால் நிலுவையைக் கணக்கிட்ட அலுவலகத்துக்கு அது தெரியும். ஆண்டுவாரியாகக் கூட்டித்தானே மொத்தத் தொகையை எட்டினார்கள்? பணியில் இருக்கும் அரசு ஊழியர் விவரம் கொடுத்தால், சம்பளம் வழங்குபவரே 89ஆவது பிரிவு நிவாரணத்தைக் கணக்கிட்டு டி.டி.எஸ். பிடிக்க 192ஆவது பிரிவு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. வங்கி வட்டியையும் பங்கு ஈவுத்தொகையையும் பான் எண்ணை வைத்துத் திரட்டி, கணக்குப் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பித் தரும் துறை இது. நிலுவை வழங்குபவர் ஆண்டுவாரிப் பிரிவை டி.டி.எஸ். அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்று விதித்தால், பழைய ஆண்டுகளின் விவரத்தோடு அதைச் சேர்த்து நிவாரணத்தையும் அப்படியே நிரப்பித் தரலாம். விடுபட்டதைச் சேர்ப்பது மட்டும் ஓய்வூதியரின் வேலையாக இருக்கட்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நிவாரணம் தொடர்கிறது. விதி மாறும்வரை, நிலுவை பெறுபவர்கள் கருவூலத்திடமோ ஓய்வூதியம் வழங்கும் வங்கியிடமோ ஆண்டுவாரிப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்கான கணக்கு என்றால் முதலில் 10-இ, அதன் பிறகே வரிக் கணக்கு.