பண்ணையில்லாப் பண்ணைவீடு

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையிலே, அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் எமது தமக்கையாரின் மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கிவரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தமக்கையாரும் உடன் வந்தார். மருமகள் டல்லஸ் நகரின் புறத்தே புதுவீடு வாங்கியிருந்தாள். உள்ளே காலடி வைத்த தமக்கையார் கூடத்துச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். சுவர் முழுவதும் பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடையே கோடு கோடாக இடைவெளி. அவர் எமது காதருகே குனிந்து கேட்டார்:

“தம்பி, பிள்ளைக்குக் காசு முடிஞ்சு போச்சுதோ? சுவர் வேலை அரைகுறையாய்க் கிடக்கு.”

மெல்லக் கேட்டதாகவே அவர் எண்ணினார். ஆயினும் அது மருமகளின் காதில் விழுந்துவிட்டது.

“இல்லை அம்மா, இந்தப் பலகை அடிக்கத்தான் கூடக் காசு. இஞ்சை இப்ப இதுதான் நாகரிகம். பண்ணைவீட்டுப் பாணி எண்டு சொல்லுவினம்.”

நேயர்களே, எமது கல்வி அன்று தொடங்கியது. இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடம் சொல்லிவரும் நாம், ஒரு சுவரின் முன்னே மாணவராய் நின்றோம்.

அப்பலகையின் வரலாற்றை விசாரித்தோம். பழைய டெக்சாஸ் மரவீடுகளிலே, விளிம்பில் படி வெட்டிய பலகைகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி சட்டங்களின்மேல் அடிப்பது வழக்கம். கப்பற் தச்சரிடமிருந்து வந்த முறையாதலின் அதன் ஆங்கிலப் பெயரிலும் கப்பல் ஒன்று மிதக்கின்றது. அப்பலகை விருந்தினர் கண்ணுக்குக் காட்டவென அடிக்கப்பட்டதன்று. அதன்மேல் மெல்லிய துணியை இழுத்து அடித்து, துணியின்மேல் பூப்போட்ட தாளை ஒட்டிய பின்னரே சுவர் முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆகவே எமது தமக்கையார் கேட்ட கேள்வியை அக்காலத்து டெக்சாஸ் கிழவி ஒருத்தியும் கேட்டிருப்பாள் என்பதில் ஐயமில்லை.

2013ஆம் ஆண்டிலே, அதே மாநிலத்து வேக்கோ நகரில் வாழும் சிப் கெயின்ஸ், ஜோவான்னா கெயின்ஸ் என்னும் தம்பதியர், பழைய வீடுகளைப் புதுக்கிக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தோன்றலாயினர். முதற்கட்டமாக 2018 வரை நடைபெற்ற அத்தொடரிலே, தாளையும் பூச்சையும் உரித்து, உள்ளே ஒளிந்திருந்த பலகையை வெளிப்படுத்துவது அடிக்கடி நிகழும் காட்சியாயிற்று. நாடு பார்த்தது, பார்த்தவர் பலர் தத்தம் சுவரை நோக்கினர். உள்ளே பலகை இல்லாதவர்கள் கடையிலே வாங்கி வந்து வெளியே அடித்தனர். கடையில் விற்பதிலும் ஒரு பகுதி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. எமது மருமகள் வீட்டுச் சுவரும் அவ்வகையினதே. அத்தம்பதியரை நாம் குறை கூறமாட்டோம். அவர்கள் உண்மையான பழைய வீட்டில் உண்மையான பழைய பலகையைக் கண்டெடுத்தவர்கள். கூத்தைத் தொடக்கி வைப்பவர் ஒருவர். விடிய விடிய ஆடுபவர் வேறொருவர்.

இது நிற்க. குளியலறைக்குச் செல்வோம். அதன் கதவு மாட்டுக்கொட்டிற் கதவு. இரும்புத் தண்டவாளத்திலே சில்லுப் பூட்டித் தொங்கவிட்ட அப்பெருங்கதவு பக்கவாட்டில் உருண்டு செல்லும். வைக்கோல் வண்டி உள்ளே நுழையத்தக்க அகன்ற வாயிலுக்குக் கீல் போட்ட கதவு பாரத்தால் சரியும், காற்றில் அடிபடும் என்பதாலேயே குடியானவன் இவ்வாறு தொங்கவிட்டான். மருமகளின் குளியலறைக்குள் வைக்கோல் வண்டி எதுவும் செல்வதாக நாம் காணவில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. தமக்கையார் குளிக்கையிற் பாடிய தேவாரம், கூடத்திலிருந்த எமக்கு ஓரெழுத்தும் விடாமற் கேட்டது. தேவாரம் கேட்டதில் நட்டமில்லை. ஆயின் குளியலறையில் எழும் ஓசை யாவும் தேவாரமல்லவே!

உணவு மேசையைக் கண்டதும் தமக்கையார் திடுக்கிட்டார். “உளு அரிச்சுப்போட்டுது, மண்ணெண்ணெய் பூசவேணும்” என்றார். மேசையோ வாங்கி ஆறு மாதமும் ஆகாதது. புதிய மேசையைச் சங்கிலியால் அடித்து வடுவாக்கி, ஊசியாற் குத்திப் புழுத்துளை செய்து, விளிம்புகளைத் தேய்த்துப் பழமையாக்கி விற்கின்றனர். அதற்குத் தனிக் கூலியும் உண்டு. எமது வகுப்பு வாங்கில் இதே திருப்பணியைச் செய்த மாணவர் பலரைத் தண்டித்துள்ளோம். அவர்கள் காலத்தை முந்திப் பிறந்துவிட்ட கலைஞர் என்பதை அறியாமற் செய்த பிழைக்கு இங்கே வருந்துகின்றோம்.

தோடம்பழச் சாறு போத்தலில் வந்தது. ஜோன் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858இலே காப்புரிமை பெற்ற, திருகுமூடியுடைய கண்ணாடிப் போத்தல் அது. கோடையில் விளைந்த காய்கனிகளைக் காய்ச்சி அடைத்துப் பனிக்காலம் முழுவதும் உண்பதற்கு எத்தனையோ குடும்பங்களுக்கு உதவிய பொருள். இப்போது அது குவளையாகவும், பூச்சாடியாகவும், விளக்குக் கூண்டாகவும் வேலை பார்க்கின்றது. பழம் அடைக்கும் வேலையொன்றுதான் அவ்வீட்டில் அதற்கு இல்லை.

கதிரையிற் கிடந்த தலையணைகள் சாக்கு வடிவின. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்கக் குடியானவப் பெண்கள் மாவும் தீவனமும் வந்த துணிச்சாக்குகளை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தனர். அதனை அறிந்த ஆலைகள், பூப்போட்ட துணியிலே சாக்குச் செய்யலாயின. ஏழைத் தாய் சாக்கைச் சட்டைபோலக் காட்டப் பாடுபட்டாள். இன்றைய கடைக்காரர் நல்ல துணியைச் சாக்குப்போலக் காட்டப் பாடுபடுகின்றார்.

சுவரெங்கும் எழுத்துப் பலகைகள் வேறு. சமையலறையிலே ‘சமையலறை’ என்று ஒரு பலகை. எழுதியிராவிடின் வழி தவறிவிடுவார்கள் போலும்! வாயிலருகே ‘புத்தம்புது முட்டை’ என்று இன்னொன்று. கம்பிக்கூடை, தகரவாளி, சேவலின் படம் என எல்லாம் இருந்தன. கோழி எங்கே என்று தமக்கையார் கேட்டார். குடியிருப்போர் சங்கத்தின் விதிப்படி அவ்வீதியிலே கோழி வளர்த்தல் கூடாதாம்! முன்முற்றத்தில் கத்தரி நடுவதற்கும் தடையாம். பண்ணைவீட்டிற்குத் தடையில்லை, பண்ணைக்குத்தான் தடை.

ஆகவே முட்டை வாங்கவென ஒரு சனிக்கிழமை ஒரு மணிநேரம் வாகனத்திற் சென்றோம். அங்கே உண்மையான பண்ணையொன்றையும் அதன் முதிய உடைமையாளரையும் கண்டோம். அவருடைய வீட்டிலே சுவர் வழுவழுப்பாகப் பூசப்பட்டிருந்தது. கழுவுதொட்டி பளபளக்கும் உருக்கு. மேசை கீறலற்றது. முற்றத்திலிருந்த பழைய கொட்டில் மட்டும் கூரையும் பலகையும் இழந்து எலும்புக்கூடாய் நின்றது. நகரத்து வீடுகளின் அலங்காரத்திற்கென மரவியாபாரி ஒருவர் பலகைகளை விலைபேசிக் கழற்றிச் சென்றாராம். அவை குளியலறைக் கதவுகளாகி இருக்கலாம் என்று நாம் கூறியதும் கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். மணம் வீட்டிற்குள் வரக்கூடாதென்றே தம் தந்தையார் கொட்டிலை அவ்வளவு தூரத்திற் கட்டினார் என்றார்.

அன்றிரவு எமக்கு ஒரு சரித்திர பாடம் நினைவுக்கு வந்தது. பிரான்சின் அரசி மரி அந்துவானெத், வெர்சேய் அரண்மனைத் தோட்டத்திலே தமக்கென ஒரு சிற்றூரை 1783இல் கட்டத் தொடங்குவித்தார். ரிஷார் மீக் என்பவர் அதன் சிற்பி. குடிசைகளின் புறச்சுவர்களிலே, வெடித்தும் சிதைந்தும் போனதுபோலத் தோன்ற ஓவியர்களைக் கொண்டு வெடிப்பு வரைந்தனர். உள்ளேயோ அரசிக்கேற்ற ஆடம்பரம். 1789 ஒக்டோபரிலே, வெடிப்பு வரையவேண்டிய தேவையில்லாத வீடுகளிலிருந்து பாரிஸ் நகரப் பெண்கள் பாண் கேட்டு வெர்சேய்க்கு நடந்து வந்தார்கள். ஆதலின் சங்கிலியால் அடிபட்ட மேசைக்கு மிக உயர்ந்த குலமரபு உண்டு.

இவ்வளவும் சிரிப்பதற்குரியன. ஒருவர் தம் பணத்திலே தம் வீட்டைத் தாம் விரும்பியவாறு அலங்கரித்தல் குற்றமாகாது. பட்டணத்து வாழ்விலே களைத்த மனம் மண்ணையும் மரத்தையும் நாடுவதும் இயல்பே. ஆயினும் எமது நெஞ்சை உறுத்திய செய்தியொன்று உண்டு. 1935இல் அமெரிக்காவிலே ஏறத்தாழ 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அவை ஏறத்தாழ 19 இலட்சம். சிறிய பண்ணைகள் பெரியவற்றுள் அடங்கின. பிள்ளைகள் நகரத்துக்குப் போயினர். பழைய கொட்டில்கள் புதிய இயந்திரங்களுக்குப் பொருந்தாமல் வெறுமையாயின. உழவன் வீட்டை விட்டு வெளியேறிய பின்னரே உழவன் வீட்டுப் பொருள் அலங்காரமாயிற்று. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார்; கலப்பையைச் சுவரில் மாட்டுவதற்கென ஒன்று வகுத்தாரில்லை.

மருமகளின் மேசை நடுவே ஒரு சாடியிலே காய்ந்த பருத்திக் கொத்து நின்றது. தமக்கையார் தொட்டுப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டார். வெடித்த காயின் ஓடு முள்போற் குத்தும். அம்மண்ணிலே பருத்தி பறித்த அடிமைகளின் விரல்கள் நாள்தோறும் அவ்வாறு குத்துண்டவை. அவர்கள் விடுதலை பெற்றனர் என்னும் ஆணை டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரிலே 1865 ஜூன் 19இல் அறிவிக்கப்பட்டது. 2021 முதல் அந்நாள் நாடு முழுமைக்கும் விடுமுறை. மருமகள் அதனை விடுமுறையாக நன்கு அறிவாள். சாடியிலிருந்த கொத்தோடு அதனைச் சேர்த்து எண்ணியதில்லை. நாம் கூறியதும் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

அப்போதுதான் தமக்கையார், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த வண்டிற் சில்லைக் காட்டிக் கேட்டார்:

“இது ஆருடைய வண்டில், பிள்ளை?”

“ஆருக்குத் தெரியும் அம்மா, கடையிலை வாங்கினது.”

தமக்கையார் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். 1960களிலே எமது தந்தையார் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற ஓரிரவு வண்டிற் சில்லு உடைந்ததாம். விடியுமுன் சந்தைக்குச் சேரவேண்டுமென்று மூடைகளைத் தோளிற் சுமந்து பல நடை நடந்தாராம். அந்தப் போகத்து வருமானம் புதுச் சில்லுக்கே போயிற்றாம். அவ்வாண்டு தீபாவளிக்கு வீட்டில் ஒருவருக்கும் புதுச்சட்டை இல்லையாம். நாம் அப்போது பிறந்திருக்கவில்லை; ஆகையால் எமக்கும் இது புதுச்செய்தி. மருமகள் தன் அம்மப்பாவைப் படத்தில் மட்டுமே கண்டவள். அவள் எழுந்து சென்று அந்தச் சில்லின் ஆரக்கால்களைத் தடவிப் பார்த்தாள். யாரோ ஒரு டெக்சாஸ் குடியானவனுக்கும் அதுபோல ஓரிரவு இருந்திருக்கும் அன்றோ?

பழம்பொருளை வீட்டில் வையுங்கள், எமக்குத் தடையில்லை. அது யாருடையது, எதற்காக இருந்தது, அதனோடு யார் வியர்த்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். தம் வீட்டுக் கொல்லையிலே அத்தகைய பொருள் கிடக்கின்ற இளைஞர்கள், கதையறிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நன்று. கதை தெரியாத சில்லு வெறும் விறகே.

நாம் புறப்படும் நாளிலே மருமகள் தாயாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். ஊர்வீட்டுக் கொல்லையிற் கிடக்கும் அம்மம்மாவின் உரலை எப்படியாவது அனுப்பிவைக்க வேண்டுமாம். வாயிலருகே வைத்து அதில் பூச்செடி நடுவாளாம்.

தமக்கையார் யோசித்தார்.

“உரலை அனுப்புவன் பிள்ளை. ஆனால் உலக்கையையும் சேர்த்துத்தான் அனுப்புவன். மாசத்துக்கு ஒருக்காலாவது நீ அதிலை மா இடிக்கவேணும்.”

மருமகள் இன்றுவரை அந்த உரலைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஆயின் சென்ற மாதம் அவள் அனுப்பிய படத்திலே மேசை நடுவில் பருத்திக் கொத்து இல்லை. சுவரிற் சில்லு இருந்தது. அதன் கீழே சிறு சட்டத்தில், தமக்கையாரிடம் கேட்டெழுதிய அம்மப்பாவின் கதை தமிழிலே தொங்கிற்று. எழுத்துப்பிழை மூன்று கண்டோம். திருத்தி அனுப்பியுள்ளோம்.