அழுதால் தூக்க ஓர் ஆள்

1989இல் சௌசெஸ்கு வீழ்ந்தபோது ருமேனியாவின் சிறுவர் இல்லங்கள் நிரம்பி வழிந்தன. அப்பிள்ளைகளில் பலருக்கு உம்மா வாப்பா இருந்தனர். இல்லத்தில் உணவு கிடைத்தது. அழுதால் தூக்கத்தான் ஆளில்லை.

2000இல் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளுள் பாதிப்பேரை, சீட்டுப்போட்டதுபோல் தெரிவுசெய்து, ஆய்வாளர்கள் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். மற்றப் பாதியை நினைக்க எனக்கு இன்றும் உறுத்துகிறது. இல்லத்துப் பிள்ளைகளின் மூளை மின் அலைகள் பலவீனமாயிருந்தன. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களே கூடுதலாகத் தேறினர். தேற்றுவாரின்றித் தொடரும் அழுத்தம் கோர்ட்டிசோல் ஹோர்மோனின் ஒழுங்கைக் குலைக்கிறது. வளரும் மூளையும் அதற்கேற்பவே அமைகிறது. சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூட இதயநோயும் மனச்சோர்வும் கூடுவதை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் காட்டியது.

உம்மா வெளிநாடு போன வீடுகளுக்குச் சென்றால், கைக்குழந்தைக்கு மூத்தம்மாவின் மடி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.