ஆவியா, அழுக்கு விரலா?

1776 ஜூலை 9. நியூயார்க்கில் படைவீரர்கள் முன்னால் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கேட்ட கூட்டம் நேரே பௌலிங் கிரீன் திடலுக்குப் போய், குதிரைமேல் வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. மேலுக்குத் தங்க முலாம், உள்ளே காரீயம். உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊருக்கு, ஆலிவர் வோல்காட் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து உருக்கி வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார் என்ற கணக்கும் இருக்கிறது. மொத்தம் 42,088 குண்டுகள். அந்தப் பட்டியலில் வோல்காட்டின் பத்து வயது நிரம்பாத மகன் பெயரும் உண்டு.

இன்றைக்கும் அமெரிக்காவில் காரீயம் உருக்குவது பலருக்குக் கொல்லைப்புற வேலைதான். சொந்தமாகக் குண்டு வார்ப்பவர்கள், தூண்டிலுக்கு ஈயக்குண்டு செய்பவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. முன்பு டயர் கடைகளில் கழித்துப்போடும் காரீயச் சக்கர எடைக்கட்டிகள் இவர்களுக்குக் கிடைத்தன. அவை துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மாறிவரவே, துப்பாக்கி சுடும் திடலின் மண்மேட்டின் மேல் கண் விழுந்தது. இலக்கைத் தாண்டிய குண்டெல்லாம் அங்கேதானே புதைந்து கிடக்கிறது!

நம் ஊரில் ஈயம் என்றால் ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகும் வேறு உலோகம். இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றி, உருகுநிலை 327.

மண்மேட்டிலிருந்து சலித்தெடுத்த சரக்கில் மண், கல், வேர்த்துண்டு, குண்டுகளின் செம்பு உறை எல்லாம் கலந்திருக்கும். காரீயத்தின் கனம் இங்கே கைகொடுக்கிறது. தண்ணீரைப்போல் பதினோரு மடங்கு கனமானது என்பதால் அது உருகியதும் மற்றதெல்லாம் தானாக மேலே மிதக்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அடுப்பு அந்தப் பக்கமே போகாது. வெற்று உறைகளை ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிடலாம். பிறகு ஒரு கைப்பிடி மரத்தூளைப் போட்டுக் கிளறுவார்கள். கரியாகும் மரத்தூள், காரீயத்தோடு கலந்திருந்து ஆக்சைடாகிப் போன வெள்ளீயத்தை மீண்டும் உலோகமாக்கிச் சட்டிக்குள் சேர்க்கும். சூடு 400 டிகிரிக்குள் நின்றால் இன்னொரு லாபம்: தப்பித் தவறி வந்த துத்தநாகம் 419 டிகிரி வரை உருகாது, அதுவும் மிதந்துவிடும். அதற்காகவே வெப்பமானி வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் முதல் எதிரி தண்ணீர். காய்ந்த எண்ணெயில் ஈரக்கரண்டி பட்டால் என்ன ஆகும் என்று சமையலறையில் நின்ற எவருக்கும் தெரியும். எண்ணெயில் தண்ணீர் அடியில் இறங்கியபின் வெடிக்கும். காரீயத்திலோ அதை யாராவது அடியில் தள்ளிவிட வேண்டும்: ஈரமான ஒரு குண்டு, உறைக்குள் சிறைப்பட்ட ஒரு சொட்டு, நனைந்த கரண்டி. நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். சட்டியில் உள்ளது கூரைக்குப் போகும். வார்ப்பவர்கள் இதை ‘ஜிகினா தேவதை வந்துபோனாள்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஜிகினா ஒட்டியது முகத்தில் என்றால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஆகவே ஆறிய சட்டியில் சரக்கைப் போட்டு, மூடி, அதன்பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். சரக்கும் சட்டியும் சேர்ந்தே காயும். ஈரம் உலோகம் உருகுமுன் போய்விடும். காரீயம் உருகி நிற்கும் சட்டியில் புதுச் சரக்கைக் கொட்டுவதில்லை. வெடிக்காத முழுத் தோட்டா சரக்கில் கலந்திருந்தால் அடுப்பே சுட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டும். அலுமினியச் சட்டி ஆகாது, அந்தச் சூட்டில் வலுவிழக்கும். இரும்புச் சட்டி, திறந்த வெளி, முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை. மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

பழைய பேட்டரியை இந்தச் சட்டிக்குள் விடவே கூடாது. அதன் தகடுகளில் கால்சியமும் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் இருக்கலாம். கசடு ஈரம் பட்டால் உயிரைக் குடிக்கும் வாயுக்களை விடும்.

இனிப் புகை. புதிதாக வருபவர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் 400 டிகிரியில் காரீயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. அது கொதிக்கவே 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். எழும் புகை பெரும்பாலும் மண்ணிலும் மரத்தூளிலும் இருந்த அழுக்கு. விஷம் இருப்பது மேலே படியும் சாம்பல்நிறக் கசடில். அதை வழித்து வாளியில் கொட்டும்போது மாவுபோல் பறக்கிறதே, அந்தத் தூசியில். அது சட்டையில், மீசையில், காலணியில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. உள்ளரங்கத் துப்பாக்கிச் சுடுதளத்தில் பெருக்கி அள்ளிய சரக்கு இன்னும் மோசம்: தோட்டாவின் பற்றுமருந்தில் உள்ள காரீயமும், எரியாமல் சிந்திய வெடிமருந்தும் அதில் சேர்ந்தே இருக்கும்.

குழந்தை ஒன்றின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரையறுத்தது. தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் வயதுக்கு அப்பாவின் பூட்ஸ் தூசியே தாராளம். விவரம் தெரிந்தவர்கள் கசடை மூடிய டப்பாவில் அடைத்து, துணியைத் தனியாகத் துவைத்து, காலணியை வாசலிலேயே விடுகிறார்கள். அந்தக் கடைசிப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அமெரிக்க வீடுகளில் அதைச் சொல்லித்தான் பழக்க வேண்டியிருக்கிறது. சட்டி பக்கத்தில் காபி, சிகரெட், சிற்றுண்டி எதுவும் கிடையாது. சில ஆண்டுகளாகச் செய்பவர்கள் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறார்கள்.

புகையா, கையா என்ற இந்த வழக்கு பழையது. பெஞ்சமின் ஃபிராங்கிளின் இளமையில் லண்டன் அச்சகத்தில் வேலை பார்த்தவர். காரீய எழுத்துகளை நெருப்பில் காயவைத்துச் சூட்டோடு கோர்த்தபோது கை எலும்புக்குள் ஏதோ வலி. அப்படிச் செய்த இருவருக்குக் கை ஏறக்குறைய முடங்கியே போனது என்று மூத்த தொழிலாளி எச்சரித்தார். பிறகு எழுத்து வார்க்கும் ஒருவரை ஃபிராங்கிளின் கேட்டாராம். ஆவியெல்லாம் ஒன்றுமில்லை, கையைச் சரியாகக் கழுவாமல் ரொட்டியைத் தின்கிற அசட்டைக்காரர்களுக்குத்தான் இந்த நோய் என்றார் அவர். அறுபது ஆண்டு கழித்து, 1786இல், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்கிளின் இதையெல்லாம் நினைவுகூர்கிறார். வார்ப்பவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர், வலியை அனுபவித்த தனக்கு அந்த ஆவியின் மேலிருந்த பயம் மட்டும் போகவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.