பெரட்டு மணியும் தாய்ப்பாலும்



மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட வரும் இளந்தாய்மார் சிலர், "பால் பத்தல டீச்சர், மூணாம் மாசமே புட்டிப்பாலுக்கு மாத்திட்டேன்" என்று குற்றம் செய்தவரைப் போலத் தலைகுனிந்து சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குற்றம் அவர்களுடையதுதானா?

தாய்ப்பால் இறைக்க இறைக்க ஊறும் கிணற்றைப் போன்றது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். நெடுநேரம் தேங்கினால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இனி, கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறையும். ஆகவே விடியுமுன்னே பெரட்டு. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற தாய், மரம் சீவி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகலாகிவிடும். இடையில் அழும் பிள்ளைக்கு ஆயா என்ன செய்வார்? டின்பாலை வெந்நீரில் கரைத்துப் புகட்டுவதுண்டு.

இனிப்பூட்டிய அந்தக் கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. கைக்குழந்தைக்கு அது உணவே ஆகாது. ஆனால், குழந்தைக்கு ஏற்றதென்றே அன்று விளம்பரம் செய்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி, அதைக் கடுமையாகச் சாடினார். பால்மாவு விற்பனைக்கு மலேசியா 1979-இல் நெறிமுறை வகுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை 1981-இல்தான் வந்தது. இதில் நாம் சற்றுப் பெருமைப்படலாம்.

வீட்டிலும் தடை உண்டு. நோயெதிர்ப்பு ஆற்றல் நிறைந்த சீம்பாலை, கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டச் சொன்ன மூத்தோரும் இருந்தனர். பூண்டும் சுறாப்புட்டும் சமைத்துப் போட்டுத் தாயை ஓய்வெடுக்க வைத்தவர்களும் அவர்கள்தாம்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பேத்திமாருக்குக் கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. சிலருக்குப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வேலை. தீபகற்ப மலேசியாவின் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஆனால், தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் ஆறு மாதம். மீதி நாள்களுக்கு என்ன வழி?

வேலையிடத்தில் பாலைப் பீச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் சேர்க்கலாம். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. இதற்குக் கதவுள்ள ஓர் அறையும் சிறிது நேரமும் வேண்டும். கழிவறை ஆகாது. மேற்பார்வையாளரிடம் தனியே கேட்கக் கூச்சமாயிருந்தால், நாலு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்கலாம். தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியும் கேட்கலாம்.