பின்னல் படமும் தொடர் படமும்
பழைய வீடியோ நாடாக்களை டி.வி.டி. தட்டில் ஏற்றுவோர் அறிய வேண்டியவை

பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள வீடியோ நாடாக்களை டி.வி.டி. தட்டுகளுக்கு மாற்றும் வேலை இன்னும் பல இடங்களில் முற்றுப்பெறவில்லை. நாற்று நடும் விரல்களின் அசைவு, தறியில் நாடா ஓடும் விதம், சோதனைக் குழாயைச் சுடரில் சுழற்றும் முறை ஆகிய காட்சிகள் அவற்றில் அடங்கியுள்ளன. செய்து காட்டிய முதியவர்கள் இன்று இல்லாமையால், சிலவற்றை மறுபடியும் எடுக்க இயலாது.

இவ்வேலையில் ஈடுபட்ட ஊழியர் ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் படத்தை நிறுத்திப் பார்க்கிறார் எனக் கொள்வோம். அசையாத சுவர் தெளிவாக உள்ளது. அசையும் கையின் ஓரமோ சீப்பின் பற்களைப் போலப் பிளவுபட்டுத் தோன்றுகிறது. நாடா பழுதாகிவிட்டது என்று கருதி, மென்பொருளில் பின்னலை நீக்கும் வசதியை அவர் உபயோகிக்கிறார். பற்கள் மறைகின்றன. அவற்றுடன் அசைவின் பாதியும் மறைந்துவிடுகிறது. அப்பற்கள் பழுதல்ல என்பதையும், அவை தோன்றும் காரணத்தையும் இங்கு விளக்குவோம்.

சினிமாப் படச்சுருளில் ஒவ்வொரு படமும் ஒரே கணத்தில் முழுமையாகப் பதிவாகிறது; விநாடிக்கு 24 படங்கள். டெலிவிஷன் அவ்வாறன்று. அது படத்தை வரி வரியாக வரைகிறது. வரிகளை 1, 2, 3 என ஒழுங்காக வரைவது தொடர் முறை. 1936 நவம்பர் 2-ஆம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஜான் லோகி பேர்டின் முறை இவ்வாறே 240 வரிகளில் விநாடிக்கு 25 படங்களை வரைந்தது. அதற்குப் போட்டியாக வாரம் மாற்றி வாரம் இயங்கிய மார்க்கோனி-ஈ.எம்.ஐ. முறையோ 405 வரிகளை இரு தவணைகளாகப் பிரித்து, ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்தும் வரைந்தது. விநாடிக்கு 50 முறை திரை ஒளிர்ந்ததால் கண்ணை உறுத்தும் மினுக்கம் குறைந்தது. செய்தியின் அளவோ கூடவில்லை. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேர்டு முறை கைவிடப்பட்டது. அதன் காமிராவில் இருந்த சிரமங்களும் அதற்குக் காரணம் எனினும், பின்னல் முறை அன்று முதல் உலகெங்கும் நிலைபெற்றது.

இத்தவணைப் படத்தை ஆங்கிலத்தில் ‘பீல்டு’ என்பர். வயல் என்று பெயர்த்தால் விவசாய விரிவாக்க ஊழியர்கள் நகைப்பார்கள். ஆதலின் ‘புலம்’ என்னும் சொல்லை ஆள்கிறோம். முதல் வரியைக் கொண்டது மேற்புலம், மற்றது கீழ்ப்புலம். இந்தியா கைக்கொண்ட பால் முறையில் மொத்தம் 625 வரிகள்; விநாடிக்கு 50 புலங்கள். டி.வி.டி. தட்டில் இப்படம் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும் உடையதாகப் பதிவாகிறது. எனவே ஒரு புலத்துக்கு 288 வரிகள்.

இங்கு முக்கியமாக உணர வேண்டியது யாதெனில், வீடியோ காமிரா எடுத்த இரு புலங்களும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றினிடையே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. திரையின் அகலத்தை ஒரு விநாடியில் கடக்கும் பொருள் அதற்குள் 14 புள்ளிகள் நகர்ந்துவிடும். இரு கணங்களையும் ஒரே படமாக நிறுத்திப் பார்ப்பதாலேயே சீப்புப் பற்கள் தோன்றுகின்றன. பின்னலை நீக்கும் எளிய மென்பொருள் ஒரு புலத்தை எறிந்துவிட்டு மற்றதை நீட்டுகிறது. அல்லது இரண்டையும் கலந்து நிழற்கை ஒன்றை உண்டாக்குகிறது. எப்படியாயினும் 50 கணங்கள் 25 ஆகிவிடுகின்றன. விரல் எவ்வாறு மடங்கியது என்பதைக் காட்ட எடுத்த படத்தில் இது சிறிய இழப்பன்று.

டி.வி.டி. தட்டு பின்னல் படத்தை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளும். இக்காலத் தட்டைத் திரை டெலிவிஷன்கள் தொடர் முறையில் இயங்குபவை. ஆயினும் பின்னலைப் பிரிக்கும் வேலையைக் காட்டும் நேரத்தில் அவையே செய்துகொள்கின்றன. பிரிக்கும் உபாயங்கள் மேன்மேலும் சீர்படலாம். தட்டை எழுதும்போது எறிந்த புலம் மீளாது. கம்ப்யூட்டரில் மட்டும் காட்டுவதற்கு, ஒவ்வொரு புலத்தையும் முழுப்படமாக்கி விநாடிக்கு 50 படங்கள் கொண்ட தனிக்கோப்பு ஒன்றைத் தயாரிக்கலாம். டி.வி.டி. விதிகள் அத்தனை முழுப்படங்களை அனுமதிப்பதில்லை.

இனி, அதிகமாகத் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. எந்தப் புலம் முந்தியது என்பதை மென்பொருளுக்குச் சரியாகக் கூற வேண்டும். டி.வி. நாடாக்களில், அதாவது சிறு டிஜிட்டல் காமிராக்களின் நாடாக்களில், கீழ்ப்புலமே முந்தியது. டி.வி.டி. தயாரிக்கும் மென்பொருள்கள் பலவற்றில் மேற்புலம் முந்தியதாக முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். இதை மாற்றாமல் விட்டால் கணங்கள் 1, 2, 3, 4 என வாராமல் 2, 1, 4, 3 என வரும். கை முன்னும் பின்னுமாக நடுங்கும். நான் அறிந்த அலுவலகம் ஒன்றில் இவ்வாறு ஒரு தொகுதித் தட்டுகள் முழுவதும் எழுதப்பட்டு, மாவட்டங்களுக்கு அனுப்பிய பின்னரே தவறு தெரிந்தது. படத்தை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இக்குறை புலப்படவில்லை. ஓடும்போதுதான் அது தெரியும். ஆகையால் வேகமான அசைவுள்ள இரண்டு நிமிடப் பகுதியை முதலில் அழித்தெழுதும் தட்டில் ஏற்றி, டெலிவிஷனில் ஓட்டிப் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குக. படத்தின் உயரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. புலங்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

படச்சுருளிலிருந்து நாடாவுக்கு வந்தவை வேறு வகை. 1948-இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷனின் பழைய செய்திப் படங்கள் இதற்கு உதாரணம். பால் முறையில் 24 படங்களைச் சற்று விரைவாக 25 ஆக ஓட்டுவது வழக்கமாதலால், இரு புலங்களும் ஒரே படத்திலிருந்து பிறந்தவை. அசைவுள்ள இடங்களில் படம் படமாக நகர்த்திப் பார்த்து, எங்கும் பற்கள் காணப்படாவிடில் தொடர் முறையிலேயே பதியலாம். அதே அளவு இடத்தில் படம் தெளிவாக அமையும். அறிமுகவுரை வீடியோவிலும் நடுப்பகுதி படச்சுருளிலும் எடுக்கப்பட்ட கலப்பு நாடாவாயின், முழுவதையும் பின்னல் முறையில் பதிவதே பாதுகாப்பானது.

டி.வி. நாடாவிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிய மூலக்கோப்பு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். தட்டு தயாரானதும் இடமில்லை என்று அதை அழித்துவிட வேண்டாம். எந்தப் புலம் முந்தியது என்ற குறிப்புடன் தனி வட்டில் வைத்திருக்கவும்.